பல் கிளினிக்குக்கு இன்சூரன்ஸ்: எதை, எவ்வளவுக்கு, எப்படிப் பார்த்து எடுப்பது

இன்சூரன்ஸ் எடுக்கும்போது பல் டாக்டர்கள் பிரீமியத்தைப் பார்க்கிறார்கள். கிளெய்ம் வந்த பிறகு பாலிசியைப் படிக்கிறார்கள். இரண்டுக்கும் முந்தைய காகிதம் ஒன்று உண்டு. அதைத்தான் யாரும் படிப்பதில்லை. அது புரபோசல் ஃபார்ம், அதாவது பாலிசி கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பம். ‘இம்பிளாண்ட் செய்கிறீர்களா?’, ‘மயக்க மருந்து கொடுக்கப்படுகிறதா?’, ‘எத்தனை டாக்டர்கள் பணிபுரிகிறார்கள்?’ என்ற கேள்விகளுக்கு ஏஜென்ட் தானே ‘இல்லை’, ‘இல்லை’, ‘ஒருவர்’ என்று நிரப்பி, கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போவது அடிக்கடி நடக்கிறது. இரண்டு வருடம் கழித்து இம்பிளாண்ட் வைத்த நோயாளி ஒருவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பும்போது, இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் எடுத்து வைப்பது அந்த ‘இல்லை’யைத்தான்.

ஃபார்மில் எழுதாத வேலைக்கும், எழுதாத ஆளுக்கும், எழுதாத மெஷினுக்கும் பாதுகாப்பு கிடையாது என்று வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். இந்தக் குறிப்புகள் தமிழ்நாட்டில் ஒன்று முதல் நான்கு நாற்காலி வரை வைத்து நடத்தும் கிளினிக்குகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

ஏஜென்ட் வருவதற்கு முன் மூன்று தாள்கள்

முதல் தாளில் கிளினிக்கில் நடக்கும் சிகிச்சை எல்லாவற்றையும் எழுதுங்கள். கிளீனிங், ஃபில்லிங், ரூட் கெனால், பல் எடுத்தல், ஞானப்பல் அறுவை, ஈறு அறுவை, இம்பிளாண்ட், போன் கிராஃப்ட், சைனஸ் லிஃப்ட், கிளிப், அலைனர், குழந்தைகளுக்கான சிகிச்சை, வெனீர், ஒயிட்டனிங், நைட்ரஸ் ஆக்சைடு, மயக்க மருந்து நிபுணரை அழைத்துச் செய்யும் கேஸ்கள் என்று ஒன்றுவிடாமல். மாதம் ஒருமுறை மட்டும் நடப்பதும் இதில் வர வேண்டும். வருடத்துக்கு இரண்டே இரண்டு சைனஸ் லிஃப்ட் செய்தாலும், வம்பு வருவதானால் அந்த இரண்டில்தான் வரும்.

இரண்டாவது தாளில் ஆட்கள். நீங்கள், உடன் வேலை பார்க்கும் பி.டி.எஸ். டாக்டர், ஞாயிறு வரும் ஆர்த்தோடான்டிஸ்ட் (பல் சீரமைப்பு நிபுணர்), போன் செய்தால் வரும் ஓரல் சர்ஜன், அசிஸ்டென்ட், ரிசப்ஷன், துப்புரவுப் பணியாளர். டாக்டர் ஒவ்வொருவரின் பட்டம், தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண், பதிவு எந்தத் தேதிவரை செல்லும், அவர் பெயரில் தனி இண்டெம்னிட்டி பாலிசி (சிகிச்சைக் குறைபாடு என்று வரும் வழக்குகளுக்கான பாலிசி) உண்டா என்பதையும் குறியுங்கள். பதிவைப் புதுப்பிக்காமல் விட்ட டாக்டர் செய்த சிகிச்சைக்குக் கிளெய்ம் கேட்டால் கம்பெனிக்கு மறுப்பது சுலபம்.

மூன்றாவது தாளில் பொருட்கள். ஒவ்வொன்றுக்கும் வாங்கிய விலையை எழுதாதீர்கள். இன்று புதிதாக வாங்கினால் என்ன விலையோ அதை எழுதுங்கள். இது ஏன் என்பது சொத்துக் கணக்கு வரும் இடத்தில் புரியும்.

புரொஃபஷனல் இண்டெம்னிட்டி: முதலில் எடுக்க வேண்டியது

மெஷின் போனால் இன்னொன்று வாங்கலாம். சிகிச்சைக் குறைபாடு என்று ஒரு வழக்கு வந்து தீர்ப்பு எதிராக அமைந்தால், கிளினிக்கும் வீடும் சேர்ந்தே ஆட்டம் காணும். பணம் ஒரு பாலிசிக்குத்தான் இருக்கிறது என்றால் இதற்குக் கொடுங்கள்.

கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. இப்போது அமலில் இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வழக்கு எந்த ஆணையத்துக்குப் போகும் என்பதை, நோயாளி கேட்கும் நஷ்டஈடு முடிவு செய்வதில்லை. அவர் கட்டிய கட்டணமே முடிவு செய்கிறது. 50 லட்சம் வரை கட்டணம் என்றால் மாவட்ட ஆணையம். அதனால் பல் சிகிச்சை வழக்குகள் உங்கள் மாவட்டத்திலேயே தொடங்கும். 4,000 ரூபாய் ரூட் கெனாலுக்கு 20 லட்சம் கேட்டும் மனு போடலாம். அதற்கும் வக்கீல் வைத்துப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்தப் பாலிசியில் கவனமாகப் பார்க்க வேண்டிய சொல் ‘கிளெய்ம்ஸ் மேட்’. கோரிக்கை எழும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். சிகிச்சை நடந்த நாளோ பாலிசியில் அச்சிட்டுள்ள ரெட்ரோஆக்டிவ் தேதிக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பணம் வராது. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு டாக்டர் 2021 ஏப்ரல் 1-இல் முதல் பாலிசி எடுக்கிறார். 2023 மார்ச்சில் ஒருவருக்குக் கீழ் ஞானப்பல் எடுக்கிறார். நரம்பு பாதித்துக் கீழுதடு மரத்துப் போகிறது. 2025 பிப்ரவரியில் நோட்டீஸ் வருகிறது. இடைவெளியில்லாமல் புதுப்பித்திருந்தால் ரெட்ரோ தேதி 2021-ஆகவே நிற்கும்; கிளெய்ம் செல்லும். ஆனால் 2024-இல் புதுப்பிக்க இருபது நாள் தாமதமாகி, கம்பெனி ஏப்ரல் 21 முதல் புதுப் பாலிசியாகக் கொடுத்து, ரெட்ரோ தேதியையும் அதே நாளாகப் போட்டிருந்தால், 2023-இல் செய்த சிகிச்சை வெளியே போய்விடும். மூன்று வருடம் கட்டிய பிரீமியம் அந்த இருபது நாளில் வீணாகிறது. ஆகவே ஒவ்வொரு வருடமும் பாலிசி கைக்கு வந்ததும் ஷெட்யூலில் (தேதி, தொகை போன்ற விவரங்கள் உள்ள பக்கம்) முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். கம்பெனி மாறினால், பழைய பாலிசிகள் அனைத்தையும் காட்டி, பழைய ரெட்ரோ தேதியையே தருவதாக எழுத்தில் வாங்கிய பிறகு மாறுங்கள். 500 ரூபாய் பிரீமியம் குறைகிறது என்பதற்காக அந்தத் தேதியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கிளினிக்கை மூடிவிட்டாலும் வெளிநாடு போய்விட்டாலும் இதே சிக்கல் தொடரும். நுகர்வோர் ஆணையத்தில் மனு போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் சொன்னால் அதற்குப் பிறகும் ஏற்கப்படலாம். தொழிலை விட்ட பின் வரும் கோரிக்கைகளுக்கு நீட்டிப்புக் காலம் தருவார்களா, எத்தனை மாதம், எவ்வளவு கட்டணம் என்பதைப் பாலிசி எடுக்கும்போதே கேட்டு வையுங்கள்.

அடுத்தது தொகை. ஷெட்யூலில் இரண்டு எண்கள் இருக்கும். ஒரு சம்பவத்துக்கு எவ்வளவு, ஒரு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று. 25 லட்சம், 50 லட்சம் என்றால் விகிதம் 1:2. ஒரே காரணத்தால் பலர் பாதிக்கப்பட்டால், உதாரணமாகக் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் பழுதாகி நாலு பேருக்குத் தொற்று வந்தால், அதை ஒரே சம்பவமாகத்தான் எடுப்பார்கள். வக்கீல் செலவு, நிபுணர் கருத்துக்கான செலவு ஆகியவையும் பெரும்பாலும் அதே தொகைக்குள்ளிருந்துதான் கழியும். ஃபில்லிங், ரூட் கெனால், சாதாரணப் பல் எடுத்தல் மட்டும் செய்யும் கிளினிக்குக்கு ஒரு சம்பவத்துக்கு 25 லட்சத்துக்குக் கீழே போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. இம்பிளாண்ட், ஞானப்பல் அறுவை, குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் கேஸ்கள் இருந்தால் 50 லட்சத்திலிருந்து 1 கோடி. உயிரிழப்பு ஏற்பட்டால் நஷ்டஈடு அந்த நபரின் வருமானத்தையும் வயதையும் வைத்துக் கணக்கிடப்படும். அங்கே சிகிச்சைக் கட்டணம் கணக்கிலேயே வராது. 25 லட்சத்துக்கும் 50 லட்சத்துக்கும் இடையே பிரீமிய வித்தியாசம் எவ்வளவு என்று இரண்டுக்கும் கொட்டேஷன் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விலக்குகள் பக்கத்தில் பேனாவோடு உட்காருங்கள். ‘அழகுக்காகச் செய்யும் சிகிச்சை’ விலக்கு என்று ஒரு வரி இருக்கும். வெனீரும் ஸ்மைல் டிசைனும் ஒயிட்டனிங்கும் அந்த வரிக்குள் போகுமா? முன்பல் உடைந்தவருக்குப் போட்ட கிரவுன் அழகுக்கா, மெல்லுவதற்கா? இதைக் கிளெய்ம் நேரத்தில் வாதாடக் கூடாது. பல் சார்ந்த அழகுச் சிகிச்சைகள் உள்ளடங்கும் என்று பெயர் குறிப்பிட்டு எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு சேர்க்கும் திருத்தக் காகிதம்) வாங்குங்கள். முகத்துக்கு ஊசி, ஃபில்லர் போன்றவை செய்தால் அதைத் தனியாகச் சொல்லித் தனியாக எழுதி வாங்க வேண்டும். எச்.ஐ.வி. தொடர்பான கோரிக்கைகளை விலக்கும் வாசகம் பல பாலிசிகளில் உண்டு. தகுதியில்லாதவர் செய்த வேலைக்குப் பாதுகாப்பு எங்கும் கிடையாது. அசிஸ்டென்ட் கிளீனிங் செய்தார், மரத்துப்போக ஊசி போட்டார் என்று கேஸ் ஷீட்டிலோ சாட்சியிலோ வந்தால் கதை அங்கேயே முடியும்.

கிரிமினல் வழக்கையும் தனியாக விசாரியுங்கள். தண்டனையையும் அபராதத்தையும் எந்தப் பாலிசியும் ஏற்காது. வழக்கு நடத்தும் செலவைச் சில கம்பெனிகள் கூடுதல் பிரீமியத்துக்குத் தருகின்றன. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு, சிகிச்சை அலட்சியத்தால் நேரும் மரணத்துக்குப் பதிவு பெற்ற மருத்துவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை என்கிறது. மற்றவர்களுக்கு 5 ஆண்டு. அதில் ‘பதிவு பெற்ற மருத்துவர்’ என்பதற்குத் தரப்பட்ட விளக்கம் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் கீழ் பதிவானவர்களைத்தான் சொல்கிறது. பல் மருத்துவர்களின் பதிவு வேறு சட்டத்தின் கீழ் வருவது. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தக் கூடுதல் பாதுகாப்பை நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

வந்து போகும் டாக்டர் செய்த வேலை யார் தலையில்?

நம் ஊர்க் கிளினிக்குகளில் பெரிய ஓட்டை இங்கேதான். உரிமையாளர் பி.டி.எஸ்.; கஷ்டமான ரூட் கெனாலுக்கு ஒரு எண்டோடான்டிஸ்ட் (வேர் சிகிச்சை நிபுணர்), அறுவைக்கு ஒரு ஓரல் சர்ஜன். நோயாளிக்குத் தெரிந்தது கிளினிக்கின் போர்டும் ரசீதும்தான். பல்வேரைச் சுத்தம் செய்யும் மெல்லிய கருவியான ஃபைல் உடைந்து வேருக்குள் நின்றாலோ, வேரைக் கழுவும் ஹைப்போகுளோரைட் வேர் நுனியைத் தாண்டிப் போய் முகம் வீங்கினாலோ, அவர் முதல் எதிர்மனுதாரராகப் போடுவது கிளினிக்கை. இரண்டாவதுதான் வந்து செய்த டாக்டர்.

உங்கள் பெயரில் உள்ள தனிநபர் இண்டெம்னிட்டி பாலிசி நீங்கள் செய்த வேலைக்கானது. கிளினிக் என்ற நிறுவனத்தின் மீதும், அங்கே பணிபுரிந்த மற்றவர்கள் செய்ததற்காகவும் வரும் பொறுப்புக்கு, மருத்துவ நிறுவனங்களுக்கென்று தனி இண்டெம்னிட்டி பாலிசி இருக்கிறது. இரண்டு டாக்டருக்கு மேல் கை வைக்கும் கிளினிக் என்றால் இரண்டாவது வகைதான் சரி. தனிநபர் பாலிசி அதோடு சேர்ந்து இருக்கலாம். நிறுவனப் பாலிசியில் வந்து போகும் டாக்டர்கள் பெயர் சொல்லிச் சேர்க்கப்படுகிறார்களா, ‘தகுதி பெற்ற அனைவரும்’ என்று பொதுவாக இருக்கிறதா என்று பாருங்கள். பெயர்ப் பட்டியல் முறை என்றால், புது கன்சல்டன்ட் வரும் முதல் நாளுக்கு முன்பே மெயில் போக வேண்டும்.

வருபவர்களிடம் அவர்களுடைய சொந்தப் பாலிசியின் நகலை வருடா வருடம் வாங்கிக் கோப்பில் வையுங்கள். சங்கடமாக இருக்கும், நல்ல கன்சல்டன்ட் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். சங்கங்கள் நடத்தும் பாதுகாப்புத் திட்டத்தில் இருக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். சில திட்டங்களின் பின்னால் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் குரூப் பாலிசி இருக்கும். சில, உறுப்பினர்கள் சேர்ந்து போடும் நிதி மட்டுமே. பாலிசி எண்ணும் கம்பெனி பெயரும் உள்ள காகிதம் இருந்தால் அது இன்சூரன்ஸ். இல்லையென்றால் அதை உதவி நிதியாக மட்டும் கணக்கில் வையுங்கள்.

நோட்டீஸ் வந்தால்

பாலிசி சரியாக எடுத்தவர்களும் இந்தக் கட்டத்தில் தவறு செய்து கிளெய்மை இழக்கிறார்கள். உறவினர்கள் நாலு பேர் ரிசப்ஷனில் நின்று சத்தம் போடும்போது, ‘தப்பு நடந்துவிட்டது, பணத்தைத் திருப்பித் தருகிறேன்’ என்று வாட்ஸ்ஆப்பில் எழுதிவிடுவது அதில் முதன்மையானது. கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்வதும் பணம் கொடுத்துச் சமரசம் செய்வதும் பாலிசி நிபந்தனைக்கு விரோதம். நோயாளியின் வலியைக் கேட்பதற்கும், எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதற்கும், மேல் சிகிச்சைக்கு அனுப்புவதற்கும் எந்தத் தடையும் இல்லை; அவை செய்தே ஆக வேண்டியவை. ‘உங்கள் சிரமம் புரிகிறது, நாளை காலை வாருங்கள், பார்க்கிறேன்’ என்று எழுதலாம். யார் தப்பு என்பதை எழுத வேண்டாம்.

வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றே கம்பெனிக்கு மெயில் அனுப்புங்கள். நோட்டீஸ் வராமல் ‘கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்’ என்ற மிரட்டல் மட்டும் வந்திருந்தாலும் சம்பவத்தைத் தெரிவித்து வைப்பது நல்லது. பல பாலிசிகளில், தெரிவித்த தேதியையே பிறகு வரும் கிளெய்மின் தேதியாக எடுத்துக்கொள்வார்கள். மாவட்ட ஆணையத்திலிருந்து மனுவின் நகல் வந்தால் 30 நாளில் பதில் போட வேண்டும். ஆணையம் மேலும் 15 நாள் தரலாம். 45 நாளைத் தாண்டினால் பதிலை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. கம்பெனி வக்கீல் நியமிக்கும் என்று காத்திருந்து இந்த நாட்களைக் கோட்டை விடாதீர்கள். வக்கீலை நீங்களே அமர்த்த வேண்டி வந்தால், முன்கூட்டியே கம்பெனியின் ஒப்புதலை மெயிலில் கேளுங்கள்.

கம்பெனி கேட்கும் காகிதங்கள் சிகிச்சை நாளன்றே தயாராக வேண்டியவை. சிகிச்சைக்கு முந்தைய எக்ஸ்ரே, பல் எண்ணோடு எழுதிய கேஸ் ஷீட், நோயாளிக்குப் புரியும் மொழியில் கையெழுத்தான சம்மதப் படிவம். கீழ் ஞானப்பல்லுக்கு ‘உதடு, நாக்கு மரத்துப்போகலாம், சிலருக்கு அது நீடிக்கலாம்’ என்ற வரி தமிழில் தனியாக இருக்கட்டும். ஒரு சிகிச்சைக்கு வாங்கிய சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 46-ஆம் பல்லுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டு, ‘பக்கத்துப் பல்லும் ஆடியது’ என்று 47-ஐயும் எடுத்தால் அது சம்மதமில்லாத சிகிச்சை. ஃபைல் உடைந்தால் அன்றே எக்ஸ்ரே எடுத்து, நோயாளியிடம் சொல்லி, சொன்னதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஃபைல் உடைவது எல்லாச் சமயத்திலும் அலட்சியம் ஆகாது. மறைத்தால் ஆகும். நோட்டீஸ் வந்த பிறகு கேஸ் ஷீட்டில் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது.

கிளினிக்கின் பொருட்கள்: எவ்வளவுக்கு எடுப்பது

இரண்டு நாற்காலி கிளினிக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விலைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டும். நாற்காலி இரண்டு 7 லட்சம், ஆர்.வி.ஜி. (டிஜிட்டல் பல் எக்ஸ்ரே) 1.2 லட்சம், ஓ.பி.ஜி. (தாடை முழுதையும் எடுக்கும் எக்ஸ்ரே) 10 லட்சம், கம்ப்ரஸர் 50 ஆயிரம், ஆட்டோகிளேவ் 1 லட்சம், எண்டோ மோட்டாரும் அபெக்ஸ் லொகேட்டரும் 60 ஆயிரம், இம்பிளாண்ட் மோட்டார் 1.2 லட்சம், உள் அலங்காரம், பைப், வயரிங் 8 லட்சம், ஏ.சி., இன்வெர்ட்டர் 2 லட்சம், மருந்து, மெட்டீரியல் இருப்பு 1.5 லட்சம். கூட்டினால் 33 லட்சம்.

இந்தக் கிளினிக்குக்கு வங்கி 18 லட்சம் கடன் கொடுத்து, தன் கடனுக்கு மட்டும் 18 லட்சத்துக்குப் பாலிசி போட்டிருக்கிறது என்று வையுங்கள். வெள்ளத்தில் 6 லட்சம் நஷ்டம். 18 லட்சத்துக்குள்தானே நஷ்டம், முழுதும் வரும் என்று நினைப்பீர்கள். வராது. 33-இல் 18 பங்குதான் இன்சூர் செய்திருக்கிறீர்கள் என்பதால் நஷ்டத்திலும் அதே விகிதம்: சுமார் 3 லட்சத்து 27 ஆயிரம். மீதி உங்கள் கையிலிருந்து. இதற்கு ‘ஆவரேஜ்’ என்று பெயர். வங்கி போட்ட பாலிசியின் ஷெட்யூலை இன்றே கேட்டு வாங்கிப் பாருங்கள். வங்கியின் பெயர் அதில் இருக்கட்டும். தொகையை மட்டும் முழு மதிப்புக்கு உயர்த்துங்கள்.

ஒரே இடத்தில் மொத்தச் சொத்து 5 கோடிக்குள் இருக்கும் சிறு தொழில்களுக்காக 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பொதுத் தீ பாலிசி இருக்கிறது. எந்தப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் பெரும்பாலும் ஒன்றுதான். தீ, வெடிப்பு, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், வேண்டுமென்றே செய்த சேதம் எல்லாம் இதில் வரும். கோபத்தில் வந்த கூட்டம் கிளினிக்கை உடைத்தால் அதுவும் இதில்தான் வரும். அந்தச் சமயத்தில் 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் போலீஸ் புகாரும் கொடுங்கள், எஃப்.ஐ.ஆர். நகல் கிளெய்முக்கு வேண்டும். மதிப்பு 15 சதவீதம் வரை குறைத்துப் போடப்பட்டிருந்தால் ஆவரேஜ் பிடிக்க மாட்டார்கள் என்ற சலுகையும் இதில் உண்டு. மேலே சொன்ன கிளினிக்கின் குறை 45 சதவீதம் என்பதால் அதற்கு அது உதவாது.

வாடகைக் கட்டடம் என்றால் கட்டடத்தை உரிமையாளர் இன்சூர் செய்ய வேண்டும். நீங்கள் போட்ட ஃபால்ஸ் சீலிங், பார்ட்டிஷன், தரைக்கடியில் போன தண்ணீர்ப் பைப், வயரிங் உங்களுடையவை. ‘ஃபர்னிச்சர்’ என்று ஒரே வார்த்தையில் எழுதாமல் ‘உள் அலங்காரம், மின் இணைப்புகள், குழாய் வேலை’ என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

தீ பாலிசியில் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்து ஏமாறும் இடம் மின்சாரம். வோல்டேஜ் ஏறி நாற்காலியின் போர்டு எரிந்தால், அந்த ஒரு கருவியின் சேதம் தீ பாலிசியில் விலக்கு. அதிலிருந்து தீ பரவிப் பக்கத்துப் பொருட்கள் எரிந்தால் அவற்றுக்கு உண்டு. ஆக நாற்காலி, ஆர்.வி.ஜி., ஓ.பி.ஜி., சி.பி.சி.டி. (முப்பரிமாண எக்ஸ்ரே), ஸ்கேனர், கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்கு எலக்ட்ரானிக் எக்யுப்மென்ட் பாலிசியும், கம்ப்ரஸருக்கும் சக்ஷன் மோட்டாருக்கும் மெஷினரி பிரேக்டவுன் பாலிசியும் தனியாக வேண்டும். எலக்ட்ரானிக் பாலிசியில் மூன்றைப் பாருங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம், ஏ.எம்.சி. முடிந்த மாதத்தில் ஓ.பி.ஜி. பழுதானால் தகராறு. எக்ஸ்ரே டியூபுக்கு வயதைப் பொறுத்துத் தேய்மானம் கழிக்கும் அட்டவணை இருக்கும். பழைய டியூபுக்கு முழு விலையை எதிர்பார்க்காதீர்கள். மூன்றாவது ஆர்.வி.ஜி. சென்சார். கீழே விழுந்து உடைவதும், நோயாளி ஒயரைக் கடித்துவிடுவதும் அதற்கு நேரும் வழக்கமான விபத்துகள். ‘தவறி விழுதல் உள்ளடங்குமா, ஒயர் சேதம் தேய்மானம் என்று தள்ளப்படுமா’ என்று மெயிலில் கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள். கையில் பிடிக்கும் எக்ஸ்ரேயை முகாமுக்கு எடுத்துப் போவீர்கள் என்றால், வெளியே எடுத்துச் செல்லும் கருவி என்று தனியாகச் சேர்க்க வேண்டும்.

எக்ஸ்ரே கருவிகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஈ-லோரா தளத்தில் பெற்ற அனுமதி, கிளினிக்குக்கு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மருத்துவக் கழிவு அங்கீகாரம் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். சட்ட விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்பது பாலிசி நிபந்தனைகளில் ஒன்று, நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்பார்.

திருட்டுப் பாலிசி பூட்டை உடைத்தோ பலவந்தமாக நுழைந்தோ நடந்த திருட்டுக்கு மட்டும். மேஜை மேலிருந்த ஏர்ரோட்டர் (பல்லைக் குடையும் கருவி) பகலில் காணாமல் போனால் அதில் வராது. கூடுதல் பிரீமியத்துக்குச் சாதாரணத் திருட்டையும் சேர்க்கலாம். சின்ன விலையுயர்ந்த கருவிகள் நிறைந்த இடம் என்பதால் சேர்ப்பது தகும்.

வெள்ளம் வந்தால்

2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும் அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளும் பட்ட பாடு தெரியும். தரைத்தளக் கிளினிக்கில் முதலில் மூழ்குவது கம்ப்ரஸர். சத்தத்துக்காக அதை மாடிப்படிக்கு அடியில் வைப்பது வழக்கம். இரண்டடி உயர மேடை போட்டு ஏற்றுவது எந்தப் பாலிசியையும் விட மலிவு. தண்ணீர் வடிந்ததும் ‘வேலை செய்கிறதா’ என்று சுவிட்சைப் போட்டுப் பார்க்காதீர்கள். ஈரத்தில் போட்டு எரிந்த போர்டை, நீங்கள் உண்டாக்கிய சேதம் என்று கழிப்பார்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அளவுகோலோடு படமெடுங்கள். மெஷின்களின் சீரியல் எண் தகட்டைப் படமெடுங்கள். நனைந்த மரப்பு ஊசி மருந்து, காம்போசிட், இம்பிளாண்ட் பெட்டிகளைத் தொகுதி எண்ணோடு பட்டியலிட்டு, சர்வேயர் பார்க்கும்வரை குப்பையில் போடாமல் வையுங்கள்.

கிளினிக் மூடியிருந்த நாட்களின் வருமானம் தீ பாலிசியில் வராது. அதற்கு வருமான இழப்புப் பாலிசி வேறு. அதுவும் உங்கள் பொருளுக்குச் சேதம் ஏற்பட்டு அந்தக் கிளெய்ம் ஏற்கப்பட்டால்தான் நகரும். தெருவெல்லாம் தண்ணீர் நின்று நோயாளி வர முடியவில்லை, கிளினிக்குக்குள் ஒரு சொட்டுமில்லை என்றால், அதற்கென்று தனி நீட்டிப்பு வாங்கியிருக்க வேண்டும். மாதத் தவணை கனமாக உள்ளவர்கள் மூன்று மாதத்துக்காவது எடுக்கலாம்.

ஊழியர்கள், வழுக்கி விழுபவர்கள், உங்கள் கைகள்

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் மாதம் 21,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. வரும். அதற்குள் வராத சிறு கிளினிக்குகள் ஊழியர் இழப்பீட்டுப் பாலிசி எடுக்க வேண்டும், பிரீமியம் பெரிதில்லை. ஊசி குத்திய பிறகு ஆகும் பரிசோதனை, மருந்துச் செலவு தானாக வராது, மருத்துவச் செலவு நீட்டிப்பைச் சேருங்கள். அசிஸ்டென்ட்டுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட பதிவும் இருக்கட்டும்.

ஈரத்தரையில் நோயாளி வழுக்கி இடுப்பு உடைந்தால் அது சிகிச்சைத் தவறு ஆகாது. இண்டெம்னிட்டி பாலிசி பார்க்காது. அதற்குப் பொதுப் பொறுப்புப் பாலிசி வேண்டும்.

பல் டாக்டரின் தொழில் விரல்களில் இருக்கிறது. சாதாரணத் தனிநபர் விபத்துப் பாலிசியின் அட்டவணையில் கட்டைவிரல் முழுதும் போனால் காப்புத் தொகையில் 25 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 10 சதவீதம் என்றிருக்கும். 20 லட்சம் பாலிசியில் ஆள்காட்டி விரலுக்கு 2 லட்சம். வேறு தொழிலில் இருப்பவர் ஒரு விரல் இல்லாமலும் வேலையைத் தொடர்வார். பல் டாக்டரால் வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வேருக்குள் ஃபைல் விட முடியாது. ஆகையால் இந்தப் பாலிசியை மட்டும் மற்றவர்களை விட மூன்று நான்கு மடங்கு பெரிதாக எடுங்கள். வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் தரும் பகுதியையும் சேருங்கள். வாரத்துக்குக் காப்புத் தொகையில் 1 சதவீதம், 100 வாரம் வரை என்பது பரவலான அமைப்பு. ரூபாயில் உச்சவரம்பு உண்டா என்று பாருங்கள். கழுத்து, முதுகு டிஸ்க் பிரச்சினை விபத்தில் சேராது. வருடக்கணக்கில் குனிந்தே வேலை செய்யும் தொழிலில் அதற்கென்று ஆறு மாதச் செலவைக் கையிருப்பாக வைப்பதே வழி.

நோயாளி விவரங்களைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்களுக்கு சைபர் பாலிசியும் வந்துவிட்டது. சிறு கிளினிக்குக்கு அதற்கு முன் தினசரி பேக்கப்.

வாங்கும்போதும் புதுப்பிக்கும்போதும்

மூன்று தாள்களையும் இணைத்து ஒரே மெயிலை மூன்று கம்பெனிகளுக்கோ ஒரு புரோக்கருக்கோ அனுப்புங்கள். வரும் கொட்டேஷன்களில் ரெட்ரோ தேதி, ஒரு சம்பவத் தொகை, ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்கள் ஏற்க வேண்டிய தொகையான எக்ஸஸ், அழகுச் சிகிச்சை விலக்கு, வந்து போகும் டாக்டர் நிலை, இந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்ட பிறகு பிரீமியத்தைப் பாருங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பல் சிகிச்சைக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால் இந்த வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஃபார்மை நீங்களே நிரப்பி, கையெழுத்திட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள். பிரீமியம் கம்பெனியின் கைக்கு வந்தால்தான் அதன் பொறுப்பு தொடங்கும் என்பது இன்சூரன்ஸ் சட்டத்தின் 64-வி.பி. பிரிவு; செக் திரும்பினால் பாலிசி இல்லை. ஆன்லைனில் கட்டி ரசீதை எடுத்து வையுங்கள்.

பாலிசி முடிவதற்கு 45 நாள் முன்பே நினைவூட்டல் வைத்து, மூன்று தாள்களையும் திருத்துங்கள். வருட நடுவில் சி.பி.சி.டி. வந்திறங்கினால் பில் தேதியன்றே மெயில்; புதுக் கன்சல்டன்ட், புதுச் சிகிச்சை, கிளினிக் இடமாற்றம் எல்லாவற்றுக்கும் அதே பழக்கம். எண்டார்ஸ்மென்ட் காகிதம் கைக்கு வரும்வரை அந்த மெயிலை விடாமல் தொடருங்கள்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால், எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரி. பதில் திருப்தியில்லை என்றால், அல்லது பதிலே இல்லை என்றால், இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் நடுவரான இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. தனி உரிமையாளர் பெயரில் நடக்கும் கிளினிக்குகளும் குறுந்தொழில்களும் அங்கே போகலாம். மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். புரபோசல் ஃபார்ம் நகல், ஷெட்யூல், மெயில்கள், சர்வேயர் அறிக்கை இந்த வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு.